சீனத்து ஸியாரம்



சீனாவுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்ததும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தாம். ஒன்று, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" மற்றது, "ஸஃது (ரலி) அவர்களை ஸியாரத் செய்தீர்களா?" 2017 நவம்பரில் குவாங்சோ நகருக்கு ஒரு சுற்றுலாக் குழுவோடு போய்த் திரும்பியது முதல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவ்விரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதற் கேள்விக்குப் பதில் இலகுவானது. அந்நகரில் சீன முஸ்லிம்கள் நடத்தும் நூடில்ஸ் கடைகள் ஏராளம். பச்சை நிறப் பலகையில் அரபு எழுத்தில் ஹலால் என்றிருந்தது. பக்கத்தில் இரண்டு சீன எழுத்துக்கள். அவற்றை 'சிங்ஜென்' என்று வாசிக்கிறார்கள். தூய்மையானது, மெய்யானது என்பது அதன் பொருளாம். மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்கி, ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தருவார்கள். உறைப்புப் போதாது என்று நம் தாய்மார் கொண்டுபோயிருந்த மாசிச் சம்பல் போத்தல் மேசைக்கு மேசை நகரும். பசியோடு திரும்பியவர் எவருமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாம் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

நாங்கள் 26 பேர். பாதிப்பேர் புறக்கோட்டை வியாபாரிகள். 1957 முதல் நடந்துவரும் குவாங்சோவின் பெரிய வர்த்தகச் சந்தைக்குப் பலமுறை போய் வந்தவர்கள், இம்முறை வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார்கள். மூன்று இந்துக் குடும்பங்களும் இருந்தன. என்னைக் குழுவின் மார்க்க வழிகாட்டியாகச் சேர்த்திருந்தார்கள். என் செலவில் பாதியைச் சுற்றுலா நிறுவனமே ஏற்றது. இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தில், சீனா சென்றேனும் கல்வியைத் தேடச் சொல்லும் பிரபலமான வாசகம் பெருமானார் (ஸல்) அவர்களின் ஹதீஸாக மேலே அச்சிடப்பட்டிருந்தது. கீழே, சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர் அடங்கியிருக்கும் நகரம் என்றிருந்தது. முதலாவதை இமாம் இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்பதை அரபுக் கல்லூரியில் படித்திருக்கிறேன். இரண்டாவதும் எனக்குத் தெரியாததல்ல. பிரசுரத்தை வாசித்தேன், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பாதிச் செலவு மனிதனின் வாயை எவ்வளவு இலகுவாகக் கட்டிவிடுகிறது!

குழுச் சுற்றுலா போனவர்களுக்கு அதன் சங்கதி தெரியும். மஞ்சள் கொடியொன்றை உயர்த்திக்கொண்டு வழிகாட்டிப் பெண் முன்னே ஓட, அவள் பின்னே நாம் ஓட வேண்டும். ஐந்து ஆடுகளின் சிலை இருக்கும் பூங்காவுக்கு முக்கால் மணித்தியாலம். ஐந்து தேவர்கள் ஐந்து ஆடுகளில் ஏறிவந்து நெற்கதிர் கொடுத்தார்கள் என்பது அவ்வூர்ப் பழங்கதை. அதனால் அதை ஆட்டு நகரம் என்றும் அழைப்பார்கள். 1380இல் கட்டிய ஐந்தடுக்கு மாளிகை வெளியிலிருந்தே பார்வை. இரவில் முத்து நதியில் படகுச் சவாரி. 600 மீற்றர் உயரமான கன்டன் கோபுரம் நிறம் நிறமாக மாறும்போது பிள்ளைகளைவிடப் பெரியவர்களே கூச்சலிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதிகாலைப் பூங்காதான். எழுபது வயது மூதாட்டிகள் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்கிறார்கள். நம்மூரில் அந்த வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருப்போம்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையிலும், ஹோட்டல் அறையிலும் எனக்குத் துணையாக இருந்தவர் கொட்டாஞ்சேனை ஹாஜியார் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். புறக்கோட்டையில் நாற்பது வருடம் கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்தவர். கோபுரமும் பூங்காவும் அவருக்குப் பொருட்டல்ல. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஹஸ்ரத், நான் இதெல்லாம் பாக்க வரல்ல. ஸஃது நாயகத்துக்கு ஸலாம் சொல்லத்தான் வந்த. அந்தப் பிரசுரத்த ஊட்டுச் சுவர்ல ஒட்டி வெச்சிரிக்கிறன்."

ஸஃது (ரலி) அவர்களின் வரலாறு அவருக்கு மனப்பாடம். இஸ்லாத்தை விட்டுவிடும்படி தாய் உண்ணாமல் பருகாமல் இருந்தும் அசையாத வாலிபர், அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பு எய்தவர், காதிஸிய்யாப் போரின் தளபதி என்று பஸ்ஸில் எனக்கே பாடம் நடத்தினார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஹுவைஷெங் பள்ளிவாசலுக்குப் போனோம். பெருமானாரை நினைவுகூரும் பள்ளி என்பது அப்பெயரின் கருத்து. கூரையெல்லாம் சீன அரண்மனை போல. உள்ளே மிஹ்ராபைச் சுற்றி அரபு எழுத்து. ஆனால் மினாரா மட்டும் எதனோடும் சேராமல், சுண்ணாம்பு பூசிய கமுக மரம் போல வழவழவென்று 36 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறது. ஒளிக் கோபுரம் என்று அதற்குப் பெயர். தெருவுக்கும் அதே பெயர்தான். முன்காலத்தில் நதி இவ்வளவு தொலைவில் இல்லை. இரவில் உச்சியில் விளக்கேற்ற, கப்பல்கள் அதைப் பார்த்துக் கரை சேர்ந்தன. பாங்கு சொல்லும் இடமே கலங்கரை விளக்கமாகவும் இருந்திருக்கிறது. தீப்பிடித்து அழிந்தபின் பள்ளியை 1350இல் மறுபடி கட்டினார்கள். அங்கே ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம்.

வெளியே வந்ததும் வழிகாட்டிப் பெண், கடலோடிய சீனத் தளபதி ஸெங் ஹ ஒரு முஸ்லிம் என்பது தெரியுமா என்று கேட்டாள். அவர் நாட்டிய கல் எங்கள் ஊரில் இருக்கிறது என்றேன், அவள் நம்பவில்லை. 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் கொழும்பு தேசிய நூதனசாலையில்தான் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் பொறித்தது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். சீனாவரை போகிறோம், அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி நிரலில் ஜும்ஆவுக்கும் ஸியாரத்துக்கும் சேர்த்து 40 நிமிடம் போட்டிருந்தார்கள். அதற்கடுத்துத் தேயிலைக் கடைக்கு ஒன்றரை மணித்தியாலம்! இலங்கையரைத் தேயிலைக் கடைக்குக் கூட்டிப்போகும் அறிவை என்னவென்பது? சுற்றுலாப் பயணிகளைக் கட்டாயமாகக் கடைகளுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க 2013இல் சீனாவில் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் நிரல் நிரல்தான். பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாதாடி, தேயிலைக் கடையை ரத்துச் செய்ய வைத்தார்கள். ஆண்கள் பேசாமலிருந்த இடத்தில் பேசிய அச்சகோதரிகளுக்கு அல்லாஹ் அருள் புரிவானாக.

ஷியன்ஷியன் பள்ளிவாசலில் அன்று உள்ளே இடமில்லை. மரநிழலிலும் நடைபாதையிலும் விரிப்புகள். ஆபிரிக்கர், யெமனியர், பாகிஸ்தானியர், வெள்ளைத் தொப்பிச் சீனர் எல்லோரும் தோளோடு தோள். வெளியே ரொட்டியும் பேரீச்சம்பழமும் சுட்ட இறைச்சியுமாக ஒரு சந்தையே கூடியிருந்தது. பாத்திஹா முடிந்ததும் நாங்கள் ஷாபிஈக்கள் வழக்கம்போல் பலமாக ஆமீன் சொன்னோம். ஸலாம் கொடுத்தபின் பக்கத்திலிருந்த சீன முதியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, தாமும் மெல்ல ஒருமுறை "ஆமீன்" என்றார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லோடு கைலாகு கொடுத்துக்கொண்டோம்.

கப்று அதே வளவுக்குள்தான். மூங்கிலும் மரங்களும் சூழ்ந்த பாதை. வேறு பல பழைய கப்றுகள். நடுவே சதுரமான சிறு கட்டிடம், மேலே குப்பா. உள்ளே ஓதினால் ஓசை சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். எதிரொலிக்கும் கப்று என்றே ஊரார் அதைச் சொல்கிறார்கள்.

ஹாஜியார் அத்தர் பூசி, புதிய தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். "ஹஸ்ரத், ஸலாம் சொல்லித் தாங்க" என்றார். நான் கப்றாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் ஸலாமைச் சொன்னேன். ஸஃது என்ற பெயரை மட்டும் கவனமாகத் தவிர்த்தேன். அது என் கெட்டிக்காரத்தனம்! ஹாஜியார் என்னை எதிர்பார்க்கவில்லை. குரல் நடுங்க அவரே பெயர் சொல்லி ஸலாம் கூறினார். அந்தப் பெயரை குப்பா திருப்பித் திருப்பிச் சொல்லிற்று. வெளியே வந்து கொட்டாஞ்சேனைக்கு அழைப்பெடுத்து, மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னார். அந்த இடத்தில் வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை. இரக்கம் என்று அப்போது எண்ணினேன்.

அன்றிரவு விளக்கணைத்த பின் இருட்டில் அவர் குரல் வந்தது: "ஹஸ்ரத், நிய்யத் வெச்சிட்டன். அடுத்த வருஷம் ஊட்டார் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறது. பன்னெண்டு பேர். கடைய ஈடு வெச்சாவது."

இதற்குமேல் பேசாதிருப்பது ஹராம் என்று பட்டது. விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

சொன்னேன், வாசகர்களே. அப்பள்ளிவாசல் 627இல் கட்டப்பட்டதாக ஒரு கதை. அந்த ஆண்டில்தான் பகைவர் மதீனாவை முற்றுகையிட, ஸஹாபாக்கள் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு அகழ் தோண்டினார்கள். அரபுத் தூதுக்குழு ஒன்று சீன அரசவைக்கு வந்ததாக அந்நாட்டு ஏடுகள் முதன்முதலில் பதிவு செய்வது 651இல், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில். அப்பதிவில் ஸஃது (ரலி) அவர்களின் பெயர் இல்லை. சீன முஸ்லிம்கள் கப்றாளியை 'வன்கஸு' என்கிறார்கள். அதை வக்காஸ் என்பதன் திரிபாகக் கொள்வோர் உண்டு, நிரூபித்தவர் இல்லை. ஆனால் ஸஃது (ரலி) அவர்களின் இறுதி நாட்கள் இப்னு ஸஃதின் தபகாத் முதலிய நூல்களில் தெளிவாக இருக்கின்றன. பிற்காலக் குழப்பங்களிலிருந்து ஒதுங்கி, மதீனாவுக்கு வெளியே அகீக்கிலிருந்த தமது வீட்டில் வபாத்தானார்கள். ஜனாஸாவைத் தோள்களில் சுமந்து மதீனாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுநர் மர்வான் தொழுகை நடத்தினார். ஹிஜ்ரி 55 என்பது வலுவான கருத்து. அடக்கம் பகீஃயில்.

ஹாஜியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப பகல் ஏன் சொல்லல்ல?"

என்னிடம் பதில் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சுபஹுக்கு நான் இமாமாக நிற்கும்வரை கூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பச்சைக்கல் ஆபரணக் கடை. இதை ரத்துச் செய்ய யாரும் வாதாடவில்லை, அச்சகோதரிகளும்தான்! ஹாஜியார் வெளியே வாங்கில் தனியே இருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நமது வாரிசுரிமைப் பாடத்தில் வரும் ஒரு சம்பவத்தை எடுத்தேன். ஸஃது (ரலி) மக்காவில் கடும் நோயுற்றிருந்தபோது, தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்யலாமா என்று கேட்டதும், மூன்றிலொன்றுக்கு மேல் வேண்டாம், அதுவே அதிகம் என்று பெருமானார் (ஸல்) தடுத்ததும் ஹாஜியாருக்குத் தெரிந்ததே. வியாபாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். அதே நோயில் அவர்களுக்கு இன்னொரு கவலை இருந்தது: அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற ஊரில் மரணம் வந்துவிடக் கூடாதே என்பது. பெருமானார் அவருக்காக துஆச் செய்தார்கள். அவர் குணமடைந்தார், நீண்ட காலம் வாழ்ந்தார், ஹிஜ்ரத் செய்த மண்ணிலேயே அடங்கினார். "அந்த மண்ணிலிருந்து நாம் அவரைப் பெயர்த்துக்கொண்டு வரலாமா ஹாஜியார்?" என்றேன்.

அவர் கைத்தடியால் தரையில் கோடு கீறிக்கொண்டிருந்தார். "பகீஃ எண்டா, நபவிப் பள்ளிக்குப் பக்கத்தால இரிக்கிறதுதானே?"

"அதேதான்."

"நான் ரெண்டு ஹஜ்ஜிலயும் போன. கல்லும் மண்ணும்தான் இரிந்த, ஒரு பேரும் இல்ல. சும்மா பொதுவா ஸலாம் சொல்லிட்டு வந்த."

"அப்படியானால் ஸஃது (ரலி) அவர்களுக்கு நீங்கள் ஸலாம் சொல்லி எத்தனையோ வருடமாயிற்று. இரண்டு தரம் சொல்லியிருக்கிறீர்கள்" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை. சற்றுப் பொறுத்து, "அப்ப இஞ்ச இரிக்கிறது யாரு?" என்றார்.

அந்த இடத்தில் என் படிப்பு கொஞ்சம் உதவிற்று. குவாங்சோவை அரபிகள் கான்பூ என்று அழைத்தார்கள். 851இல் தொகுக்கப்பட்ட ஓர் அரபு ஏடு, வணிகர் சுலைமானின் பெயரோடு வழங்குவது, அந்நகரைப் பற்றிப் பேசுகிறது. முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்க ஒரு முஸ்லிமையே சீன மன்னர் நியமித்திருந்தாராம். பெருநாள் தொழுகையும் குத்பாவும் அவர் பொறுப்பு. நமது ஸரந்தீபும் பாவா ஆதம் மலையும் அதே ஏட்டில் வருகின்றன. ஸீராபைச் சேர்ந்த அபூஸைத் பின்னாளில் அதற்கு எழுதிய தொடர்ச்சியில், ஹுவாங் சாவ் என்ற கலகக்காரன் நகரைப் பிடித்து முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர், மஜூஸிகள் என 1,20,000 பேரைக் கொன்றதாக எழுதுகிறார். சீன வரலாறு அதை 879 என்கிறது. எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். ஆனால் ஸரந்தீபைத் தாண்டிக் கடல் கடந்து வந்து, அந்த மண்ணோடு மண்ணாகிப் போன வியாபாரிகள் எத்தனை எத்தனை பேர்! அவர்களுக்கு குப்பா இல்லை, பெயர் இல்லை. வன்கஸு யாராயிருந்தாலும், எங்கோ பிறந்து அங்கே அடங்கிய ஒரு முஸ்லிமாக அவரை அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வருகிறார்கள். அவருக்கு ஸலாம் சொன்னது வீணில்லை. ஸஃது (ரலி) என்று சொன்னதுதான் பிழை. அதிலும் பெரும் பங்கு என்னுடையது.

ஹாஜியார் எழுந்து நின்றார். "சரி ஹஸ்ரத். ஆனா ஒரு காரியம். ஊட்டில சொல்லி, அவ முழுக் கொட்டாஞ்சேனைக்கும் சொல்லியாச்சி. கொழும்புக்குப் போன பொறகு நீங்களே வந்து சொல்லணும். பகல் சொல்லாததுக்கு இதுதான் உங்களுக்குக் குற்றப் பணம்."

திரும்பி ஒரு வாரத்தில் போனேன். ஜெம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் வீடு. சுவரில் அந்தப் பிரசுரம் அப்படியே ஒட்டியிருந்தது. மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் பாயில் இருந்தார்கள்; ஹாஜியாரின் மனைவி திரைக்கு அப்பால். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பாதிச் செலவு விஷயத்தையும் சொன்னேன். பேரன் ஒருவன் எழுந்துபோய்ப் பிரசுரத்தைக் கிழிக்கப் பார்த்தான். ஹாஜியார், "கிழிக்காத, நபியிட பேர் இரிக்கி. கழட்டி மடிச்சி வை" என்றார்.

திரைக்கு அப்பால் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்த அம்மா கேட்டார்:

"அப்ப அங்க அடங்கினவரும் எங்கட இவங்களப் போல யாவாரத்துக்குப் போனவர்தானா ஹஸ்ரத்?"

"இருக்கலாம் மாமி. உறுதியாகச் சொல்ல முடியாது."

"இவங்க வருஷா வருஷம் சாமான் எடுக்கப் போற நேரமெல்லாம் நான் பாத்துக்கொண்டு இரிந்த. அந்த மனிசன்ட ஊட்டிலயும் ஒருத்தி, இன்டைக்கு வருவார் நாளைக்கு வருவார் எண்டு பாத்துக்கொண்டு இரிந்திரிப்பாள்தானே?"

ஹாஜியார் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "ஹஸ்ரத், தேத்தண்ணி குடிக்க முந்தி ஒரு யாஸீன் ஓதுவமா?" என்றார். ஓதினோம்.